1,80,000 டாலர் பேரம்: கேம் நியூட்டன் விவகாரத்தின் பின்னணி

2010 நவம்பர் 30ஆம் தேதி, ஆபர்ன் பல்கலைக்கழகம் தன் அணியின் தலைசிறந்த வீரரை விளையாடத் தகுதியற்றவர் என்று தானே அறிவித்தது. மறுநாளே, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு அவருக்குத் தகுதியைத் திருப்பிக் கொடுத்தது. ஒரு ஆட்டம்கூட அவருக்குத் தவறவில்லை. டிசம்பர் 4ஆம் தேதி, தென்கிழக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான எஸ்இசியின் இறுதி ஆட்டத்தில் அவர் களமிறங்கினார். ஆபர்ன் 56-17 என்ற கணக்கில் சவுத் கரோலினாவை நொறுக்கியது. அந்த வீரர் கேம் நியூட்டன். குற்றச்சாட்டு, அவரை ஒரு பல்கலைக்கழகத்துக்கு விற்க 1,80,000 டாலர் பேரம் பேசப்பட்டது என்பது.

பணம் கைமாறியதா என்றுதான் அன்று எல்லோரும் கேட்டார்கள். செய்தியாளர்கள் அதைத்தான் துரத்தினார்கள், விசாரணையும் அதைத்தான் தேடியது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படும் கேள்வி வேறு: இருபது வயது இளைஞன் எங்கே படிப்பது, எங்கே ஆடுவது என்பதைப் பற்றி அவன் சார்பில் பேச யாருக்கு உரிமை இருந்தது? 2010இல் அதை யாரும் சரியாகக் கேட்கவில்லை. கல்லூரி வீரர்களுக்குப் பணம் கொடுப்பதே சட்டப்படி சரியாகிவிட்ட இன்றும் அதற்கு விடை வரவில்லை.

முதலில் களத்தைப் பற்றிக் கொஞ்சம். இங்கே பேசுவது நீள்வட்டப் பந்தும் தலைக்கவசமும் கொண்ட அமெரிக்கக் கால்பந்து. அதில் குவார்ட்டர்பேக் என்பவர்தான் அணியின் மூளை; ஒவ்வொரு தாக்குதலும் அவர் கையிலிருந்து தொடங்கும். ஆபர்ன் அலபாமா மாநிலத்தில் உள்ள ஒரு சிறு நகரம். 2010 கணக்கெடுப்பின்படி அங்கே மக்கள்தொகை ஏறத்தாழ 53,000. பல்கலைக்கழகத்தின் ஜோர்டன்-ஹேர் மைதானத்தில் அன்று 87,451 பேர் உட்காரலாம். ஊரே போய் உட்கார்ந்தாலும் மைதானம் நிறையாது. ஆனாலும் ஆட்ட நாட்களில் அது நிரம்பி வழியும். தென்மாநிலங்களில் கல்லூரிக் கால்பந்துக்கு இருக்கும் இடம் அப்படிப்பட்டது. பக்கத்து மாநிலங்களில் எந்தத் தொழில்முறை அணி வென்றது என்பதைவிட, ஆபர்னா அலபாமா பல்கலைக்கழகமா என்பதுதான் அங்கே குடும்பங்களையே இரண்டாக்கும்.

நியூட்டன் ஜார்ஜியா மாநிலத்துக்காரர். 2007இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே டிம் டீபோ என்ற நட்சத்திரம் இருந்ததால் இவருக்கு வாய்ப்பு கிடைக்கவில்லை. 2008 நவம்பரில் திருட்டு மடிக்கணினி தொடர்பான வழக்கில் கைதானார். நீதிமன்றம் சொன்ன சீர்திருத்தத் திட்டத்தை முடித்ததும் வழக்கு கைவிடப்பட்டது. ஃபுளோரிடாவை விட்டு, டெக்சாஸில் பிரென்ஹம் என்ற ஊரில் இருக்கும் பிளின் என்ற ஈராண்டுக் கல்லூரிக்குப் போனார். 2009இல் அந்த அணி ஈராண்டுக் கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை வென்றது. ஆறடி ஐந்து அங்குல உயரமும், ஓட்டக்காரரின் வேகமும், தொலைதூரம் எறியும் கையும் ஒரே உடலில் இருந்தால் பெரிய பல்கலைக்கழகங்கள் தேடி வராமல் இருக்குமா? மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகமும் ஆபர்னும் முன்வரிசையில் நின்றன. மிசிசிப்பி ஸ்டேட்டின் தலைமைப் பயிற்சியாளர் டேன் மல்லன், ஃபுளோரிடாவில் நியூட்டனுக்குத் தெரிந்தவர். ஆனாலும் நியூட்டன் ஆபர்னைத் தேர்ந்தெடுத்தார்.

குற்றச்சாட்டு வெளியே வந்தது 2010 நவம்பர் தொடக்கத்தில். அப்போது ஆபர்ன் ஒரு தோல்விகூட இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. மிசிசிப்பி ஸ்டேட்டில் முன்பு ஆடிய ஒருவர், வீரர்களைப் பல்கலைக்கழகங்களுக்கு அறிமுகப்படுத்தும் வேலையில் இருந்தார். நியூட்டன் குடும்பத்தின் சார்பில் பேசுவதாகச் சொல்லி, தன் பழைய பல்கலைக்கழகத்தின் ஆதரவாளர் வட்டாரத்தை அவர் அணுகினார் என்பதுதான் செய்தி. பின்னர் அவரே ஒரு வானொலிப் பேட்டியில் தவணைக் கணக்கைச் சொன்னார்: கையெழுத்திட்ட மறுநாள் 80,000 டாலர், முப்பது நாளில் 50,000, அதற்குப் பின் இன்னொரு முப்பது நாளில் 50,000. நிலம் விற்பவர் முன்பணமும் மீதியும் பேசுவதைப் போலத்தான் இருக்கிறது அது. ஆனால் இங்கே நிலத்தின் இடத்தில் ஒரு இளைஞனின் அடுத்த இரண்டு ஆண்டுகள் இருந்தன. அன்றைய மதிப்பில் மொத்தம் ஏறத்தாழ 80 லட்சம் ரூபாய்.

இந்தத் தகவல் எஸ்இசி அலுவலகத்துக்குப் புதிதல்ல. மிசிசிப்பி ஸ்டேட் அந்த ஆண்டு ஜனவரியிலேயே விஷயத்தைத் தெரிவித்திருந்தது. கூடுதல் விவரங்களை ஜூலையில் கொடுத்தது. ஆகஸ்டில் நியூட்டன் பயிற்சிக்கு இறங்கியபோதும், செப்டம்பரில் முதல் ஆட்டம் ஆடியபோதும் கோப்பு எங்கோ இருந்தது. ஊடகங்களில் வெடித்த பிறகுதான் எல்லாம் வேகமெடுத்தது. இத்தனை மாதத் தாமதத்துக்கு யாரும் பெரிதாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. தவறு நடந்திருந்தால் ஜனவரியிலேயே தடுத்திருக்க வேண்டும். நடக்கவில்லையென்றால், நவம்பரில் ஒரு இளைஞனின் பெயர் நாடு முழுக்க இழுபடுவதற்கு முன்பே தெளிவுபடுத்தியிருக்க வேண்டும்.

என்சிஏஏ கண்டறிந்தது இதுதான். நியூட்டனின் தந்தை செசில் நியூட்டன், ஜார்ஜியாவில் ஒரு தேவாலயத்தின் போதகர். அவரும் அந்த இடைத்தரகரும் சேர்ந்து, பையன் ஒரு பல்கலைக்கழகத்தில் சேருவதற்குப் பணம் கேட்டார்கள். ஆனால் கேம் நியூட்டனுக்கோ ஆபர்னைச் சேர்ந்த எவருக்குமோ இது தெரியும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. தந்தை ஆபர்ன் அணியோடு தொடர்பு வைத்துக்கொள்வது கட்டுப்படுத்தப்பட்டது, மகன் ஆடலாம். ஓராண்டு கழித்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட நேர்காணல்களுக்குப் பிறகு, 2011 அக்டோபரில் ஆபர்ன் மீதான விசாரணையும் பெரிய விதிமீறல் எதுவும் கண்டுபிடிக்கப்படாமல் மூடப்பட்டது. ஆபர்ன் ஒரு டாலர் கொடுத்ததாகக்கூட நிரூபணமாகவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 'நியூட்டன் காசு வாங்கினார்' என்ற பேச்சு இன்றும் அமெரிக்க ரசிகர்களிடையே தீர்ப்பைப் போலவே புழங்குகிறது. அப்படி ஒரு தீர்ப்பு எங்கும் இல்லை.

அந்த டிசம்பர் தீர்மானம் கிளப்பிய கோபம் சாதாரணமானதல்ல. எஸ்இசி கூட்டமைப்பின் சொந்த விதியில், வீரரோ குடும்பத்தினரோ அனுமதியற்ற பணத்தைப் பெற்றாலும், பெற ஒப்புக்கொண்டாலும் தகுதி போகும் என்று இருந்தது. கேட்டார்கள், ஆனால் யாரும் கொடுக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே 'ஒப்புக்கொண்டது' என்று சொல்ல முடியாது என்று கூட்டமைப்பு விளக்கம் கொடுத்தது. என்சிஏஏ விதிகளிலும் அதே ஓட்டை. ஏஜென்ட் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி இருந்தது. ஆனால் தந்தையே பேரம் பேசினால் அவர் ஏஜென்டா? அன்றைய விதிப்படி அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. 2012 தொடக்கத்தில்தான், வீரரைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசேர்த்து ஆதாயம் தேடும் குடும்பத்தினரும் ஏஜென்ட்தான் என்று விதியைத் திருத்தினார்கள்.

கோபத்துக்கு இன்னொரு காரணம், அதே 2010இல் மற்றவர்களுக்கு நடந்தது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஏ.ஜே. கிரீன் தான் ஆடிய ஆட்டத்தின் சட்டையை 1,000 டாலருக்கு விற்றார். வாங்கியவரை என்சிஏஏ ஏஜென்ட் என்று கருதியதால் அவருக்கு நான்கு ஆட்டத் தடை. சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இன்னும் பெரிய அடி வாங்கியது. அங்கே முன்பு ஆடிய ரெஜி புஷ்ஷுக்கும் குடும்பத்துக்கும் ஏஜென்ட் ஆக விரும்பியவர்கள் பணமும் வீட்டு வசதியும் கொடுத்தார்கள் என்பதற்காக, 2010 ஜூனில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, பருவ இறுதி ஆட்டங்களில் ஆட இரண்டாண்டுத் தடையும் 30 ஸ்காலர்ஷிப் இழப்பும் விதிக்கப்பட்டன. கல்லூரிக் கால்பந்தின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பையை ரெஜி புஷ் அந்தச் செப்டம்பரில் துறந்தார். மூன்று மாதத்தில் அதே கோப்பை நியூட்டன் கைக்கு வந்தது. விழா மேடையில் நியூட்டன் நின்றபோது அவர் தந்தை அரங்கில் இல்லை; வரப்போவதில்லை என்று முன்பே அறிவித்திருந்தார்.

டிசம்பர் கடைசியில் ஒஹையோ ஸ்டேட் வீரர்கள் ஐந்து பேர், தங்கள் பரிசுப் பொருட்களை விற்றதற்காகவும் சலுகையில் பச்சை குத்திக்கொண்டதற்காகவும் ஐந்து ஆட்டத் தடை பெற்றார்கள். ஆனால் அந்தத் தடை அடுத்த பருவத்திலிருந்துதான். கோடிக்கணக்கானவர்கள் பார்க்கும் ஜனவரி ஆட்டத்தில் அவர்கள் ஆடலாம். தண்டனையின் அளவையும் நேரத்தையும் ஒளிபரப்பின் தேவைதான் தீர்மானிக்கிறதோ என்ற சந்தேகம் அந்தக் குளிர்காலத்தில் பலருக்கும் வந்தது. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, ஆனால் அதை நிரூபிக்கும் ஆவணம் எதையும் நான் பார்த்ததில்லை.

இப்போது இதன் அடியில் இருக்கும் விஷயத்துக்கு வரவேண்டும். கல்லூரி வீரர் அமெச்சூர், அதாவது பணத்துக்கு ஆடாதவர் என்பதுதான் அன்று என்சிஏஏவின் அடித்தளம். படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், அவ்வளவுதான். அந்த ஸ்காலர்ஷிப்பும் 1973 முதல் ஓராண்டுக்கு மட்டுமே கிடைத்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பல ஆண்டு ஸ்காலர்ஷிப் கொடுக்க 2012இல்தான் மீண்டும் அனுமதி வந்தது. வேறு வழியும் இல்லை: பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாமல் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக் யாரையும் சேர்க்காது. பதினெட்டு வயதுக்காரனின் திறமையை வாங்க நாட்டில் ஒரே சந்தைதான். அந்தச் சந்தையில் விலை சொல்லக் கூடாது என்பது அன்றைய விதி.

அந்தச் சந்தையைச் சுற்றி எவ்வளவு பணம் ஓடியது? எஸ்இசி கூட்டமைப்பு ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சியுடன் 2008இல் போட்ட ஒப்பந்தம் 15 ஆண்டுக்கு 225 கோடி டாலர். கூடைப்பந்துப் போட்டித் தொடரை ஒளிபரப்ப 2010 ஏப்ரலில் என்சிஏஏ போட்ட ஒப்பந்தம் 14 ஆண்டுக்கு 1,080 கோடி டாலர். ஆபர்ன் பயிற்சியாளர் ஜீன் சிசிக்கின் ஆண்டுச் சம்பளம், நியூட்டன் வென்று கொடுத்த பட்டத்துக்குப் பிறகு 35 லட்சம் டாலராக உயர்ந்தது. ஆபர்ன் வீரர்கள் அண்டர் ஆர்மர் நிறுவனத்தின் சின்னம் பொறித்த சட்டையோடு ஆடினார்கள். அதற்கான பணம் பல்கலைக்கழகத்துக்கு. கல்லூரியை விட்டு வெளியே வந்ததும் அதே அண்டர் ஆர்மர் நியூட்டனோடு ஒப்பந்தம் போட்டது. சின்னம் அதேதான், அணிந்த உடலும் அதேதான். சில வாரங்களுக்கு முன்புவரை அதற்கு அவர் ஒரு டாலர் வாங்கியிருந்தால் குற்றம்.

2010 பருவத்தில் அவர் செய்ததைப் பார்த்தால் இந்தக் கணக்கு இன்னும் கனமாகிறது. எறிந்து 2,854 கஜம், 30 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிச் சேர்த்துப் புள்ளி எடுப்பது); ஓடி 1,473 கஜம், 20 டச்டவுன். நவம்பர் 26ஆம் தேதி, செய்திகள் உச்சத்தில் இருந்தபோது, பரம எதிரி அலபாமாவின் மைதானத்தில் 24-0 என்று பின்தங்கி 28-27 என்று வென்றார்கள். பார்வையாளர்கள் அவர் மீது போலி டாலர் நோட்டுகளை வீசினார்கள் என்று அன்றைய செய்திகள் கூறின. 2011 ஜனவரி 10ஆம் தேதி அரிசோனாவில் ஒரேகனை 22-19 என்று வீழ்த்தி, 14 ஆட்டமும் வென்று தேசியப் பட்டம். ஏப்ரலில், கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுக்கும் என்எஃப்எல் தேர்வில் முதல் பெயர் அவருடையது. கரோலினா பேந்தர்ஸ் நான்கு ஆண்டுக்குக் கொடுத்தது ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் டாலர். அவர் தந்தை கேட்டதாகச் சொல்லப்படும் தொகையைப் போல நூறு மடங்குக்கும் மேல்.

நியூட்டனுக்குக் கடைசியில் கிடைத்துவிட்டதே, பிறகென்ன என்று கேட்பவர்கள் அந்த டிசம்பர் 4 ஆட்டத்தின் எதிரணியைப் பார்க்க வேண்டும். சவுத் கரோலினாவின் மார்கஸ் லாட்டிமோர் அன்று முதலாண்டு மாணவர்; நாட்டின் சிறந்த ஓட்டக்காரர்களில் ஒருவராகப் பேசப்பட்டவர். 2011 அக்டோபரில் ஒரு முழங்கால் போனது. 2012 அக்டோபரில் இன்னொரு முழங்கால், இம்முறை பார்க்கவே முடியாத அளவுக்கு. 2013இல் என்எஃப்எல் அணி ஒன்று நான்காம் சுற்றில் அவரை எடுத்தது. 2014 நவம்பரில், ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடாமல் ஓய்வுபெற்றார். அவர் உடல் அதிகபட்ச மதிப்போடு இருந்த ஆண்டுகள் எல்லாம் கல்லூரி ஆண்டுகள்தான். அந்த ஆண்டுகளுக்குக் கூலி இல்லை என்பது விதி. 'காத்திரு, பின்னால் கிடைக்கும்' என்ற வாதத்தின் உண்மை விலை இது.

ஆகவே செசில் நியூட்டன் விலை கேட்டதை மட்டும் வைத்து என்னால் அவரைக் கண்டிக்க முடியவில்லை. அவரைச் சுற்றி இருந்த எல்லோரும் விலை பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். நான் கண்டிப்பது வேறொன்றை: என்சிஏஏ கண்டறிந்தபடி பார்த்தால், பேரம் பேசப்பட்டது மகனுக்குத் தெரியாமல். இருபது வயது நிரம்பியவனின் எதிர்காலத்தை அவனைக் கேட்காமல் சந்தைக்குக் கொண்டுபோவது, விதி என்ன சொன்னாலும் தவறு. பெற்றவர் என்பதால் அது சரியாகிவிடாது.

இந்த ஆபத்து புதிதல்ல. 2000இல் மெம்ஃபிஸ் நகரப் பள்ளி மாணவர் ஆல்பர்ட் மீன்ஸை அலபாமாவுக்கு அனுப்ப அவருடைய பள்ளிப் பயிற்சியாளர் 1,50,000 டாலர் வாங்கினார். கொடுத்தவர் லோகன் யங் என்ற பணக்கார ஆதரவாளர். 2005இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. அலபாமாவுக்கு 2002இல் இரண்டாண்டு பருவ இறுதித் தடையும் 21 ஸ்காலர்ஷிப் இழப்பும். ஊர் முழுக்க மீன்ஸின் பெயர் அடிபட்டது; விற்றது அவரல்ல. விலை வெளிப்படையாகப் பேசத் தடை இருக்கும் இடத்தில், இருட்டில் பேசுபவர்களுக்குத்தான் லாபம். டெக்சாஸின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் 13 வீரர்களுக்கு ரகசிய நிதியிலிருந்து ஏறத்தாழ 61,000 டாலர் கொடுத்ததற்காக 1987 பருவம் முழுவதையும் என்சிஏஏ ரத்து செய்தது. அந்தப் பல்கலைக்கழகக் கால்பந்து எழுந்து நிற்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அவ்வளவு கடுமையான தண்டனையும் பேரத்தை நிறுத்தவில்லை.

கதவைத் திறந்தது நீதிமன்றங்கள்தான். 2009இல் கூடைப்பந்து வீரர் எட் ஒபானன், தன் உருவத்தை வைத்து வீடியோ கேம் விற்கப்படுகிறது, தனக்கு ஒன்றும் இல்லை என்று வழக்குப் போட்டார். 2014இல் நீதிபதி கிளாடியா வில்கன் அவர் பக்கம் நின்றார். 2021 ஜூன் 21 அன்று, வீரர்களுக்கான கல்விச் சலுகைகளுக்கு என்சிஏஏ போட்ட வரம்பை எதிர்த்த ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. அந்த மாதமே, இன்னும் ஒரு ஆட்டம்கூட முதல் வீரராகத் தொடங்கியிராத தன் குவார்ட்டர்பேக்குக்கு 10 லட்சம் டாலருக்குப் பக்கத்தில் வந்துவிட்டதாக அலபாமா பயிற்சியாளர் நிக் சேபன் மேடையில் சொன்னார். 2025 ஜூன் 6 அன்று, வீரர்களின் வழக்கில் அதே வில்கன் ஒப்புதல் அளித்த சமரசத்தின்படி, பழைய வீரர்களுக்கு 280 கோடி டாலர் இழப்பீடு. பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர்வரை நேரடியாக வீரர்களுக்குப் பகிரலாம். ரெஜி புஷ்ஷின் ஹைஸ்மன் கோப்பை 2024 ஏப்ரலில் அவரிடமே திரும்பி வந்தது.

இன்று ஒரு தந்தை மகனுக்காக 1,80,000 டாலர் கேட்டால் அது செய்தியே ஆகாது. 2025 ஏப்ரலில் டென்னசி பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் நிகோ யாமலியாவா, ஒப்பந்தத் தொகை பற்றிய இழுபறிச் செய்திகளுக்கு நடுவே அணியை விட்டு, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவர் மேல் விசாரணை இல்லை, தகுதி நீக்கம் இல்லை. ரசிகர்கள் கோபப்பட்டார்கள், அத்தோடு சரி.

ஆனால் யார் பேசுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. என்எஃப்எல் வீரரின் ஏஜென்ட் ஆக வேண்டுமானால் வீரர் சங்கத்தின் சான்று வேண்டும். ஒப்பந்தத் தொகையில் 3 சதவீதத்துக்கு மேல் கமிஷன் எடுக்க முடியாது. அந்த வரம்பைப் போட்டது வீரர்களின் தொழிற்சங்கம். கல்லூரி வீரர்களுக்கு அப்படி ஒரு சங்கம் இல்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள் 2014இல் சங்கம் அமைக்க முயன்றார்கள், வாக்கெடுப்பும் நடந்தது. 2015 ஆகஸ்டில் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் அதில் தலையிட மறுத்ததால் வாக்குகள் எண்ணப்படவே இல்லை. ஆகவே பதினேழு வயதுப் பையன் ஒருவன் லட்சக்கணக்கான டாலருக்குக் கையெழுத்திடும்போது, அவன் பக்கம் உட்கார்ந்திருப்பவர் மாமாவாக இருக்கலாம், பள்ளிப் பயிற்சியாளராக இருக்கலாம், நேற்று அட்டை அச்சடித்த ஏஜென்டாக இருக்கலாம். அவர் எத்தனை சதவீதம் எடுக்கலாம் என்பதற்கு நாடு முழுவதற்குமான வரம்பு எதுவும் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுகிறது. வீரர்கள் ஊழியர்கள்தான் என்று ஏற்று, அவர்கள் சங்கத்தோடு உட்கார்ந்து பேசும் கட்டாயம் பல்கலைக்கழகங்களுக்கு வராதவரை அந்த வரம்பைப் போடும் இடத்தில் ஆளில்லை. அந்தக் கட்டாயம் வரக்கூடாது என்றுதான், வீரர்களை ஊழியர்களாகக் கருத முடியாது என்ற சட்டத்தை என்சிஏஏவும் பெரிய கூட்டமைப்புகளும் நாடாளுமன்றத்திடம் கேட்டுக்கொண்டிருக்கின்றன.